கை கழுவப் போன சாரதாமணி

கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா ஓட்டல்களுக்கும் கை கழுவும் இடம் ஒன்றுதான். உள்ளே போகிற கதவு தெரியும். வெளியே வருகிற கதவு எந்த ஓட்டலில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. விவரமானவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்பூனில் சாப்பிடுவார்கள்.

சாரதாமணிக்கு ஊர் உடுமலைப்பேட்டை. அவளுக்கு இது தெரியாது.

அவளைப் பெண் பார்க்கத்தான் நானும் என் மாமாவும் காந்திபுரம் பரவாயில்லை பவனுக்குப் போயிருந்தோம். அவள் தன் சித்தப்பாவோடு வந்திருந்தாள். வீட்டில் பெண் பார்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும், ஓட்டலில் பார்த்தால் ஓட்டலுக்கு மட்டும்தான் தெரியும் என்பது மாமாவின் கட்சி. பரவாயில்லை பவனில் எல்லாம் பரவாயில்லை. இட்லி பரவாயில்லை. சாம்பார் பரவாயில்லை. ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று சொன்ன ஒருவரை அவர்கள் மறுபடி உள்ளே விடவில்லை.

என் பெயர் நல்லசிவம். மோட்டார் பம்பு கம்பெனியில் சத்தம் கேட்கிற வேலை. பம்பை ஓட விடுவார்கள். நான் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, சரி அல்லது சரியில்லை என்பேன். இதற்கு முன் பார்த்த பெண்கள் எல்லாரும் இந்த வேலையைப் பற்றிக் கேட்டதும் காப்பியை வேகமாகக் குடித்தார்கள். சாரதாமணி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அவள் மட்டும் காப்பியைக் கீழே வைத்தாள்.

“சரியில்லாத பம்பு எப்படிங்க கேக்கும்?”

“தூக்கத்துல பல்லு கடிக்கற மாதிரிங்க.”

“அச்சச்சோ. பாவமுங்க.”

ஒரு பம்புக்காக யாரும் பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கேயே பிடித்துப்போனது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தன் போனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.

வரவில்லை.

சப்ளையர் வந்தார். “பொண்ணு உக்கடத்துல வெளிய வந்திருச்சுங்க. பாய் கடையில இருந்து போன் வந்துச்சு.”

சித்தப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். “பொழுதோட வந்துருமுங்களா? உடுமலை பஸ்ஸை உட்டா எங்கண்ணன் இந்தச் சம்பந்தமே வேண்டாம்னுருவாரு.”

“நான் ஆட்டோவுல போய்க் கூட்டிட்டு வந்தர்றனுங்க,” என்றேன்.

“கை கழுவாம வாசல்ல உடமாட்டோமுங்க,” என்றார் சப்ளையர்.

“கழுவிட்டுப் போ சாமி,” என்றார் மாமா. “நாங்க இன்னொரு காப்பி சாப்புடறோம்.”

கை கழுவும் இடம் நீளமானது. நடக்க நடக்க இன்னும் நீண்டது. இரண்டு பக்கமும் குழாய்கள். குழாய்க்குக் குழாய் ஆட்கள். எல்லாரும் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பார்ப்பதற்கு ஏதோ சத்தியம் செய்யப் போகிறவர்கள் போல இருந்தது. ஒருவர் என்னிடம், “வடவள்ளிக்கு எப்படிங்க போறது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “பரவால்லீங்க, போன வாரமும் இப்படித்தான்,” என்று சிரித்தார். அவர் சட்டைப் பையில் சீப்பும் விபூதிப் பொட்டலமும் வைத்திருந்தார்.

உக்கடம் போலத் தெரிந்த ஒரு கதவைத் திறந்தேன். சிங்காநல்லூர்.

அந்த ஓட்டலில் மேசைகள் நகரும். உட்காரும்போது சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தேன். ஊத்தப்பம் வரும்போது வாசலில் இருந்தேன். சட்னி கேட்டபோது ரோட்டில் இருந்தேன். சப்ளையர் சட்னி வாளியோடு பின்னால் ஓடி வந்தார். டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டு, என் இலையைப் பார்த்ததும் வழிவிட்டார். ஊத்தப்பம் அருமை. வெங்காயம் நன்றாக முறுகியிருந்தது. மேசை கொஞ்சம் மெதுவாகப் போகலாம்.

சாப்பிடாமல் எழ முடியாது. சாப்பிடாதவர்களுக்குக் கை கழுவும் கதவு திறக்காது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

“இங்க சாரதாமணின்னு ஒருத்தங்க வந்தாங்களா?”

“இன்னும் வல்லீங்,” என்றார் மூச்சு வாங்கிய சப்ளையர். “வந்தா ஏதாச்சும் சொல்லணுங்களா?”

யோசித்தேன். பிடித்திருக்கிறது என்பதைச் சட்னி வாளி வைத்திருப்பவரிடம் சொல்லி அனுப்பலாமா? கூச்சமாக இருந்தது.

“ஊத்தப்பம் நல்லாருக்குன்னு சொல்லுங்க,” என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அது மட்டும் போதுங்களா?”

“போதுமுங்க.”

அடுத்த கதவு உக்கடத்தில் திறந்தது. ஹனீபா பாய் கடை. பாய் பிரியாணி அண்டாவுக்குள் இருந்தார். அண்டா பெரியது. உள்ளே இறங்க ஏணி உண்டு. அடியில் மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். சுற்றிலும் சோற்றுச் சுவர். வேண்டிய இடத்தில் தோண்டிக்கொள்ளலாம்.

“வாங்க தம்பி, மாப்பிள்ளையா?” என்றார் பாய். அண்டா ‘மாப்பிள்ளையா, மாப்பிள்ளையா’ என்று எதிரொலித்தது. தோண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

“அவிங்க இருக்காங்களா பாய்?”

“இப்பத்தான் ஏறிப் போனாங்க. தங்கமான பொண்ணு. எங்கண்ணையே தொறந்து உட்டுருச்சு.”

பாய் நடந்ததைச் சொன்னார். கடையின் பெயர்ப்பலகைக்குக் கீழே, என்னென்ன கிடைக்கும் என்று எழுதியிருந்தது. மேலே ‘பிரியாணி’ பெரிய எழுத்தில். கீழே போகப் போக எழுத்து சிறுத்தது. சாரதாமணி அவரைத் தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி வரிசையாகப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். கடைசி வரியை அவரால் படிக்க முடியவில்லை. அவள் படித்துச் சொன்னாள். ‘தயிர் வெங்காயம்.’ அப்படி ஒன்று தன் கடையில் உண்டு என்பதே பாய்க்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடமாக உக்கடத்தில் எல்லாரும் பிரியாணியை வெறுமனே தின்றிருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வெங்காயம் பொடியாக நறுக்கியிருந்தது. பிரியாணியோடு சேர்த்துச் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தயிர் வெங்காயத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் காரணம் என்றார்.

நான் அவளைப் பார்த்த நேரம் ஒரு காப்பி ஆறுகிற நேரம்தான். இப்போது அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது. வேகமாக ஏணியில் ஏறினேன்.

பீளமேட்டில் வெளியே வந்தேன். அங்கே எல்லாரும் கிசுகிசுத்தார்கள். உள்ளறையில் மாவு தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டால் எழுந்துவிடும், தோசை கல்லாகிவிடும். ஓனரம்மா வாசலிலேயே நின்று, வருகிறவர்களின் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பெயர் ருக்மணியம்மா. அவர்கள் கண்ணாலேயே ஆர்டர் எடுத்தார்கள். நான் எதையும் கேட்கவில்லை. ஆப்பம் வந்தது. பஞ்சு மாதிரி. ஆனால் எங்கோ பல் கடிக்கும் சத்தம்.

“அம்மா, உங்க கிரைண்டர் பேரிங் போயிருக்குதுங்க,” என்று கிசுகிசுத்தேன்.

அவர்கள் என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். கிரைண்டர் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. நான் அதன் மேல் காதை வைத்தேன். பிறகு சட்டையை மடித்துவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன். பழைய பேரிங்கை எடுத்து, அவர்களே டப்பாவில் வைத்திருந்த புதியதைப் போட்டேன். ஓட விட்டோம். கிரைண்டர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த நிமிடம் மாவு பொங்கி எழுந்து, பாத்திரத்தைத் தாண்டி, ருக்மணியம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டது.

“இனிச் சத்தமாப் பேசலாமுங்க!” என்று அவர்கள் கத்தினார்கள். ஓட்டல் முழுக்கக் கை தட்டியது.

அப்போது போன் அடித்தது. மாமா.

“சாமி, ஒரு சின்ன சங்கதி. சித்தப்பா காப்பியை ஆத்தி ஆத்தி நீளமாயிட்டாரு.”

“எவ்வளவுங்க மாமா?”

“கை ரெண்டும் ஃபேன் ஒசரத்துக்குப் போயிருச்சு. காப்பி மட்டும் அருமையா நொரை கட்டுது. அவரு சந்தோசமாத்தான் இருக்காரு. நீ பதறாத. ஆனா வெயிலு தாழுது பாத்துக்க.”

போனை வைத்ததும் ஓட்டல் போன் அடித்தது. ருக்மணியம்மா எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள். கழுத்தைச் சாய்த்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார்கள்.

“சிங்காநல்லூர்ல இருந்து பேசறாங்க. சாரதாமணி சொன்னது. அப்படியே சொல்றேன், கேளுங்க: ‘ஊத்தப்பம் நல்லாத்தான் இருக்குது. வேற ஒன்னுமே சொல்லலீங்களா?’”

என் காது சூடாகிவிட்டது. ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க,” என்றேன்.

“ஊத்தப்பமுங்களா?”

“இல்லீங்க. அவிங்களை.”

அவர்கள் போனுக்கு ஓடினார்கள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தார்கள். முகம் விழுந்திருந்தது. “கை கழுவப் போயிட்டாங்களாம்.”

மூன்றாவது ஆப்பத்தை வாயில் போட்டுக்கொண்டே ஓடினேன். வழி முன்னைவிட நீண்டிருந்தது. ஜன்னல்களில் வெயில் மஞ்சளாகியிருந்தது. வயிறு எனக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அகப்பட்ட கதவைத் தள்ளினேன்.

ராமநாதபுரம். சாப்பாட்டு ஓட்டல். அங்கே ஒரே ஒரு வாழை இலைதான். அதை வாசலிலிருந்து கூடம் வழியாக, கொல்லை வழியாக, அடுத்த தெரு வரைக்கும் போட்டிருந்தார்கள். தெருவே உட்கார்ந்து சாப்பிட்டது. எல்லாரும் இலைக்கு ஒரே பக்கத்தில்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒருத்தருக்குத்தான் எடமிருக்குதுங்க, இந்தக் கோடியில,” என்றார் பரிமாறுகிறவர்.

“சாரதாமணின்னு...”

“அந்தக் கோடியில உக்காந்திருக்காங்க. உங்களை விசாரிச்சாங்க.”

எட்டிப் பார்த்தேன். இலை போய்க்கொண்டே இருந்தது. அதன் கடைசியில் ஒரு மாம்பழ நிறப் புடவை, ஒரு நெல் அளவுக்குத் தெரிந்தது. அது கையை அசைத்தது. நானும் அசைத்தேன். நடுவில் இருந்தவர்கள் தங்களுக்கென்று நினைத்து அவர்களும் அசைத்தார்கள்.

நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் பந்தியில் பாதியில் எழுவது இலை போட்டவரை அவமதிப்பது. அதை நான் செய்ய மாட்டேன். அவளும் செய்ய மாட்டாள் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரரிடம் கேட்டேன்.

“சார், கொஞ்சம் எடம் மாறிக்கலாமுங்களா?”

“எதுக்கு?”

“பொண்ணு பாக்கறதுக்குங்க.”

அவர் தன் பொரியலைக் கையால் காத்தபடி எனக்கு இந்தப் பக்கம் வந்தார். நான் அவர் இடத்துக்குப் போனேன். அடுத்தவர் ஒரு டாக்டர். அவரும் மாறினார். பிறகு ஒரு பூக்காரம்மா, இரட்டைப் பிள்ளைகள், நாதஸ்வரக்காரர். விஷயம் இலையோடு எனக்கு முன்னால் ஓடியது. ‘பொண்ணு பாக்கறாராம், தள்ளுங்க.’ அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் கிளம்பியது. ‘மாப்பிள்ளை பாக்கறாங்களாம், தள்ளுங்க.’ நான் சாம்பார் சாதத்தில் நாதஸ்வரக்காரரைக் கடந்தேன். ரசத்தில் கூடத்தைக் கடந்தேன். பாயசம் வந்தபோது கொல்லைக்கு வந்துவிட்டேன்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒருவர் மிச்சமிருந்தார். மோர்சாதத்தில் இருந்தார். நிதானமாகப் பிசைந்தார். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்து யோசித்தார். சூரியன் தென்னை மட்டைக்குக் கீழே இறங்கியது.

“அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்,” என்றாள் சாரதாமணி.

“நான் எப்பவும் நடுவுலதாம்மா உக்காருவேன்,” என்றார் அவர்.

நாங்கள் அவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டோம்.

“சிங்காநல்லூர்ல ஒன்னு சொல்லாம உட்டுட்டனுங்க,” என்றேன்.

“என்னங்க?”

“உங்களைப் பிடிச்சிருக்குதுங்க.”

அவள் பாயசத்தைப் பார்த்தாள். “எனக்குந்தானுங்க,” என்றாள்.

நடுவில் இருந்தவர் பிசைவதை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல,” என்று மோர்சாதத்தை அணைத்தபடி நகர்ந்துகொண்டார்.

பரிமாறுகிறவர் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே எங்கள் கையில் ஊற்றினார். வாசல் வழியாகவே வெளியே வந்தோம். பின்னால் தெருவே சேர்ந்து இலையை மடிக்கிற சத்தம், மழை வருகிற மாதிரி கேட்டது. சரியான சத்தம்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வழியில் மாமாவுக்குப் போன் போட்டேன்; சித்தப்பா இன்னும் ஆற்றி முடிக்கவில்லை, நீயே அவளை உடுமலையில் கொண்டுபோய் விட்டுவிடு என்றார். அவள் ஏதோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

“முன்னாடியே சொல்லிடறனுங்க. எனக்குச் சமைக்கத் தெரியாது. சுடுதண்ணி வெப்பேன்.”

“நானும் சுடுதண்ணிதானுங்க.”

“அப்ப எப்படிங்க?”

“ஊர்ல இத்தனை ஓட்டல் இருக்குதுங்களே. வடவள்ளிப் பக்கமெல்லாம் இன்னும் போகவேயில்லை.”

அவள் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எங்கேயும் இரைச்சல் இல்லை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

உடுமலை பஸ் வந்தது. அவள் ஏறினாள். நானும் ஏறினேன். உள்ளே இரண்டு பக்கமும் இலை போட்டிருந்தார்கள். டிரைவர் முதல் பந்தியில் இருந்தார். ஜன்னலோரம் இரண்டு இலை காலியாக இருந்தது. கண்டக்டர் அதில் தண்ணீர் தெளித்தார்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்றார். “பொள்ளாச்சி தாண்டுனா வடை ஆறிப்போயிரும்.”

உட்கார்ந்தோம்.