நடுவில் ஒரு தையல்காரர்

கோபம் எனக்கு மூக்கு மேலே இருக்கிறது என்பார் என் கணவர். பொய். மூக்குவரை ஏறிப் போக அதற்கு எங்கே பொறுமை? வாயிலேயே வந்துவிடும்.

என் மருந்துக்கடைக்கு நேர் எதிரே டாக்டரின் கிளினிக். நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். அவர் இங்கே வந்ததிலிருந்து நாங்கள் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தினமும் பேசினோம், நோயாளிகளின் வாய் வழியாக. மருந்துச் சீட்டில் எனக்குச் சந்தேகம் வந்தால், கொண்டுவந்தவரையே திருப்பி அனுப்புவேன். அவர் அதே ஆளிடம் பதில் சொல்லி அனுப்புவார். கொண்டுவருகிறவர்கள் வழியில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துக்கொள்வார்கள்.

தையல்காரர் அண்ணன் விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது. என் கடையை ஒட்டினாற்போல் அவர் கடை. பல வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அன்றைக்கு டாக்டர் அதே மாத்திரையை இரண்டு மடங்காக எழுதியிருந்தார்.

"என்னண்ணே, திடீர்னு டபுளா எழுதியிருக்காரு? எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க" என்றேன். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணன் அங்கே போய், கதவு திறந்திருக்க, காத்திருந்த கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "நீங்க தப்பா எழுதிட்டீங்களாம், மருந்துக்கடையில சொல்றாங்க" என்று போட்டு உடைத்துவிட்டார். "அப்படின்னா இனிமே அவங்களையே வைத்தியம் பார்க்கச் சொல்லுங்க" என்றாராம் டாக்டர். அது என் காதுக்கு வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரையைக் கவரில் போட்டு அண்ணன் முன்னால் தள்ளினேன்.

"இந்தாங்க. எழுதினவர் பாடு, சாப்பிடுறவர் பாடு. எனக்கென்ன வந்தது!"

சில நாள் கழித்து அண்ணன் மனைவி கடைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன அண்ணி, என்னாச்சு?"

"அவர் எந்த மாத்திரையும் போடுறதில்லம்மா. பழசும் இல்ல, புதுசும் இல்ல. கேட்டா, 'அவங்க ரெண்டு பேருக்கே எது சரின்னு தெரியல, எனக்கென்ன தெரியும்'ங்கிறார். காலையில மெஷின்ல உக்காந்தவர் தலை சுத்தி அப்படியே சாஞ்சுட்டார். அவர் அப்பாவும் பிரஷர் ஏறித்தான் ஒரு பக்கம் இழுத்துப் படுத்தார். நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டுங்க, வேண்டாங்கல. என் வீட்டுக்காரரை விட்டுடுங்க."

கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

"யாரா இருந்தாலும் டோக்கன்தான்" என்றாள் வாசலில் இருந்த பெண். உட்கார்ந்தேன். என் முறை வந்து உள்ளே போனால், டாக்டர் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த யாருக்கும் முதலில் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிவிடுவது அவர் வழக்கமாம்; எனக்கும் சுற்றினார்.

"டாக்டர், நான் வந்து..."

"பேசாதீங்க. பேசினா ஏறும்."

பட்டை இறுகித் தளர்ந்தது. அவர் முகம் மாறியது. "ரொம்ப அதிகமா இருக்கே. இதுக்கு முன்னாடி பிரஷர் பார்த்திருக்கீங்களா?"

"மத்தவங்களுக்குத்தான் பார்த்திருக்கேன். எதிர்ல இருக்கிற மருந்துக்கடை என்னோடது."

அவர் கை பட்டையிலேயே நின்றது. பிறகு சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

"தையல்காரர் அண்ணனுக்கு ஏன் கூட்டினீங்க? குத்தம் சொல்ல வரல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"ஒவ்வொரு தடவையும் பார்க்குறேன், இறங்கவே மாட்டேங்குது. மாத்திரை பத்தலையோன்னு பயந்தேன்."

"ஒழுங்கா சாப்பிட்டாத்தானே இறங்கும்? ஒரு மாசத்துக்கு வாங்கினதை ரெண்டு மாசம் ஓட்டுவாரே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் எனக்குச் சொல்லல?"

"நீங்க ஏன் கூட்டினீங்கன்னு எனக்கு யார் சொன்னா?"

அவரிடம் பாதி இருந்தது, என்னிடம் பாதி இருந்தது. பாவம், மனுஷன் நடுவில் முழுசாக மாட்டிக்கொண்டார்.

"விட்டு விட்டுச் சாப்பிடுறவர் திடீர்னு தினமும் டபுளா சாப்பிட்டிருந்தா, பிரஷர் ஒரேயடியா இறங்கி..." என்று இழுத்த டாக்டர், பேச்சை முடிக்காமல் எழுந்தார். "இருக்கிறவங்களைப் பார்த்து முடிச்சதும் வர்றேன். சேர்ந்தே போலாம்."

எங்கள் இருவரையும் ஒன்றாகத் தன் கடை வாசலில் பார்த்ததும் அண்ணன், கழுத்தில் அளவு நாடாவோடு பதறி எழுந்தார். டாக்டர் அங்கேயே அவர் கையில் பட்டையைச் சுற்றினார். ஏறித்தான் இருந்தது.

"பழைய அளவே போதும்ணே. ஆனா ஒரு நாள் விடாம சாப்பிடணும்."

"முதல்ல யார் சொன்னது சரி? அதைச் சொல்லுங்க."

"அவங்க கேட்டது சரி" என்றார் டாக்டர்.

"அவர் பயந்தது சரி" என்றேன் நான்.

"கெட்டது போங்க! இதுலயும் ஆளுக்கு ஒண்ணா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அண்ணன். பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னார். "காலையில போட்டா கண்ணைச் சொருகுது. கத்தரி பிடிக்கிற கை. ஊரான் துணியை வெட்டிட்டு நான் என்ன பதில் சொல்றது? அதான் வேலை இருக்கிற அன்னைக்குப் போடுறதில்ல."

"ராத்திரி படுக்கும்போது போடுங்க" என்றார் டாக்டர்.

"அவ்வளவுதானா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இதை எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொன்னா டாக்டரைத் திட்டுவீங்க. அவர்கிட்ட சொன்னா உங்களைத் திட்டுவார். ரெண்டு திட்டையும் தூக்கிக்கிட்டு நான்தானேம்மா ரோட்டைக் கடக்கணும்?"



டாக்டர் செல்போனை எடுத்தார். "உங்க நம்பரைக் குடுங்க மேடம்."

அண்ணன் மேஜை டிராயரை இழுத்தார். டாக்டரின் சீட்டையும் என் கடை மாத்திரைக் கவரையும் எடுத்து, வெட்டிப் போட்டிருந்த துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் தலைப்பில் நம்பர் அச்சாகியிருந்தது. தினமும் அந்தச் சீட்டைக் கையில் வாங்குகிறேன். ஒரு நாளும் நான் அந்த நம்பரைக் கூப்பிட்டதில்லை.