முப்பது வழக்கும் மூன்று வக்கீலும்

எங்கள் ஆபீஸ் வக்காலத்தில் ஐந்து பெயர்கள் இருக்கும். முதலில் சீனியர் ரங்கசாமி. அடுத்து உடையப்பன், அது நான். பிறகு சார்லஸ், சீனியரின் தங்கை மகன் முகேஷ்குமார், கடைசியில் ஷரீஃபா. ஐந்தையும் சேர்த்து ஒரே ரப்பர் ஸ்டாம்ப். ஒரு வழக்கைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும் கட்சிக்காரர் ஐந்து வக்கீலை அமர்த்திவிட்ட தெம்போடு பஸ் ஏறுவார். இதில் வஞ்சகம் ஒன்றும் கிடையாது. எல்லா ஆபீஸிலும் இதுதான் வழக்கம். சில ஸ்டாம்புகளில் காலமானவர்கள்கூட ஆஜராகிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் போய்விட்டாலும் ஸ்டாம்ப் தேயவில்லையே.

அந்த ஐந்தில் என் பங்கு வாய்தா. இருபத்து நான்கு வருடமாக அதைத்தான் வாங்குகிறேன். அதை லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சீனியருக்குக் காய்ச்சல் என்று சொன்னால் எந்த நீதிபதியும் நம்ப மாட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது, அசதி மட்டும் இருக்கிறது என்றால் நம்புவார். அந்த அசதியைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு வருடம் ஆனது.

இப்படி இருக்கும்போதுதான் அறிவிப்பு வந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் அலுவலகத்துக்குத் தலைமை வக்கீல் தேவை. முன்பு இருந்தவர் வேறு ஊருக்குப் போய் ஏழு மாதமாகியிருந்தது. நிபந்தனைகள் மூன்று. பத்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டில் முப்பது குற்ற வழக்குகளைத் தானே நடத்தி முடித்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபின் சொந்த வழக்கு ஒன்றும் எடுக்கக் கூடாது, வீட்டு வாசலில் இருக்கும் போர்டையும் கழற்றிவிட வேண்டும்.

ஒன்பது பேர் விண்ணப்பம் வாங்கினார்கள். மூன்றாவது நிபந்தனையைப் படித்ததும் ஐந்து பேருக்கு ஏழைகள் மீதிருந்த பாசம் வடிந்துவிட்டது. "போர்டைக் கழட்டிட்டா வீட்டை எப்படிய்யா கண்டுபிடிப்பாக?" என்று ஒருவர் கேன்டீனில் நிஜமாகவே கலங்கினார். அவர் வீட்டைத் தேடி வருபவர் பால்காரர் ஒருவர்தான்.

ஒரு விண்ணப்பத்தை ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டார்கள். மிச்சம் மூன்று பேர். நான், சார்லஸ், முகேஷ்குமார். எங்களுக்குக் கழற்றுவதற்கு போர்டே கிடையாது.

எனக்கு எதற்கு அந்த வேலை என்று கேட்டால், நாற்காலிக்காக. சீனியர் ஆபீஸில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் நான் எழுந்து நிற்க வேண்டும். தலைமை வக்கீலுக்குக் கை வைத்த நாற்காலியும், கதவில் தனியாக அவர் பெயரும் உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் இதற்கு ஆசைப்படுவது தப்பா? முப்பது வழக்குகளை ஆபீஸ் கேஸ் கட்டுகளிலிருந்து பொறுக்கிப் பட்டியல் போட்டேன். முப்பதிலும் வக்காலத்தில் என் பெயர் இருந்தது. பெயர் இருந்தால் வழக்கு நம்முடையது என்றுதான் எங்கள் ஆபீஸில் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை நேர்காணல். கோர்ட் வளாகத்தில் மாடி வராந்தாவில் காத்திருந்தபோது ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தலைமுடியில் பஞ்சுத் தூசி. நூற்பாலையில் இரவு ஷிப்டை முடித்து அப்படியே வந்திருக்கிறாள்.

"சார், நீங்கதானா அந்த ஏழை வக்கீலு?"

"ஏழை வக்கீல்தாம்மா. தலைமையான்னு உள்ள போனாத்தான் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. "எம் பேரு பாண்டிச்செல்வி. ரெட்டியார்சத்திரம் பக்கம். எங்கம்மா அழகம்மா ஏழு மாசமா செயில்ல கெடக்குது சார்."

"என்ன கேஸு?"

"எங்க சித்தப்பா மண்டையில ஒம்போது தையலு. அம்மா கையில மம்பட்டி. கொலை முயற்சின்னு எழுதிட்டாக. நான் மில்லுல இருந்தேன், ஒண்ணும் பாக்கல. வக்கீல் இல்லைன்னு அஞ்சு தடவ தள்ளி வச்சிட்டாக. தலைமை வந்தாத்தான் கட்டு ஆருக்குன்னு பிரிச்சுக் குடுப்பாகளாம். நாளக்கழிச்சு வியாழக்கெழம மறுபடி கேசு."

"இன்னைக்கு ஆள் எடுத்துருவாங்கம்மா."

"எடுக்கலைன்னா திரும்ப பேப்பர்ல போட்டு, ஆறு மாசம் ஆகும்னு கிளார்க்கு சொல்லுறாரு." வராந்தாவை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இம்புட்டுப் பேரு கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறீக. எங்கம்மாவுக்கு ஒரு ஆளு இல்லையா சார்?"

"பாப்பம்மா," என்று அவளிடமும் ஒரு வாய்தா வாங்கினேன். நல்லவேளை, உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேரையும் சேர்த்தே அழைத்தார்கள்.

குழுவின் தலைவர் ஒரு நீதிபதி அம்மா. குரலை உயர்த்தாமலே வேர்க்க வைக்கக் கூடியவர். மேஜையில் எங்கள் மூன்று பட்டியல்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன, ஒரே பிரசவத்தில் பிறந்தவை மாதிரி.

"மூணு பேரும் ஒரே முப்பது வழக்கை நடத்தியிருக்கீங்க," என்றார்.

"ஒரே ஆபீஸ் மேடம்," என்றான் முகேஷ்குமார்.

"கூட்டு முயற்சி," என்றான் சார்லஸ்.

"நான் எடுக்கப் போறது ஒருத்தரை. பன்னிரண்டாவது வழக்கு, கன்னிவாடி தென்னந்தோப்பு அரிவாள் வெட்டு. டாக்டரைக் குறுக்கு விசாரணை செஞ்சது யாரு?"

"நான்தான் மேடம்." மூன்று குரலும் ஒன்றாக வந்தன. என் வாய் என்னைக் கேட்காமலே அதில் சேர்ந்துகொண்டது.

"என்ன கேட்டீங்க?"

சார்லஸ் காயத்தின் ஆழத்தைக் கேட்டானாம். முகேஷ்குமார் டாக்டரின் படிப்பையே கேள்வி கேட்டுவிட்டானாம். நான் நேரத்தைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னேன். எந்த நேரம் என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

சாட்சியத்தை எடுத்துப் படித்தார். "இந்தக் காயம் உயரத்திலிருந்து தென்னை மட்டை விழுந்தும் ஏற்பட்டிருக்கலாமா? ஏற்பட்டிருக்கலாம்." தாளை வைத்தார். "இந்த ஒரு கேள்வியில விடுதலை ஆயிருக்கு. கேட்டவர் பேரு இதுல இல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புன்னு மட்டும்தான் இருக்கு."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். கவுன் பறக்க ஷரீஃபா ஓடி வந்தாள். "அண்ணே, டாக்டர் ஒத்துக்கிட்டாருண்ணே!" முதல் நாள் மாலை தென்னந்தோப்புக்கே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். நான் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த வழக்கில் என் பங்களிப்பு அந்த டீதான். சாயங்காலம் சீனியர் கட்சிக்காரரிடம், தான் போட்ட போட்டில் டாக்டர் ஆடிப்போய்விட்டதாகச் சொன்னார்.

நீதிபதி அம்மா ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். "முப்பது வழக்குலயும் நீங்களே விசாரிச்ச சாட்சிகள் யார் யாருன்னு எழுதுங்க. சத்தியப் பிரமாணமா, கையெழுத்தோட. பத்து நிமிஷம். தெளிவாகலைன்னா மூணு பேரையும் தள்ளிட்டு மறு விளம்பரம்தான்."

வராந்தாவுக்கு வந்தோம். அடுத்தவரைச் சத்தியம் செய்ய வைத்தே பிழைப்பவர்கள் நாங்கள். எங்களிடமே கேட்டால் கை ஓடுமா?

"ஆயிருச்சா சார்?" என்றாள் பாண்டிச்செல்வி, தூணருகே நின்றபடி.

"செத்த நேரம்மா."

முகேஷ்குமார் எங்களை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். "பேசாம பத்துப் பத்தாப் பிரிச்சுக்குவமாண்ணே?"

"பிரிச்சா ஒருத்தனுக்கும் முப்பது வராதேடா," என்றான் சார்லஸ். "நீ கணக்குல பெயிலாயித்தான் சட்டத்துக்கு வந்தியா?"

"ஷரீஃபா," என்றேன் நான்.

இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது மனுவே போடலையே," என்றான் சார்லஸ்.

"போட்டிருக்கா. ஆறு வழக்கு மட்டும் எழுதியிருக்கா. முப்பது இல்லைன்னு மொதல்லயே தள்ளிட்டாங்க."

போன வாரம் அவளிடமே கேட்டிருந்தேன். ஏன் ஆறு? "அந்த ஆறு மட்டும்தாண்ணே ஸ்டாம்ப் இல்லாம என் தனி வக்காலத்து, நம்ம ஆபீஸ்ல வேற ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கல. மத்ததுலல்லாம் உங்க பேரு எனக்கு மேல இருக்குல்ல?" என்றாள். பெயர் மேலே இருப்பவருக்கே வழக்கு என்ற எங்கள் ஆபீஸ் சட்டத்தைப் பன்னிரண்டு வருடத்தில் மனதார நம்பியவள் அவள் ஒருத்திதான். நாங்கள் அதை வசதிக்கு நம்பினோம். அவள் அப்படிச் சொன்னபோது நான் என்ன செய்தேன்? நிம்மதிப்பட்டேன். போட்டிக்கு ஒரு ஆள் குறைவு.

தாளை ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினேன். 'நான் குறுக்கு விசாரணை செய்த சாட்சி: ஒருவர். அவரும் நான் வாய் திறக்குமுன் பல்டி அடித்துவிட்டார். வாங்கிய வாய்தா: நூறுக்கு மேல், சரியாக நினைவில்லை. விசாரணை நாட்களில் நான் பார்த்தவரை பேசியவர் ஷரீஃபா.' கையெழுத்துப் போடும்போது கை வைத்த நாற்காலி ஒன்று என்னை விட்டு எழுந்து நடந்து போவது போலிருந்தது.

சார்லஸ் அதை வாங்கிப் படித்தான். "இப்படி எழுதிட்டா நாங்க என்னண்ணே செய்யறது?" என்று முனகினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு 'மூன்று வழக்குகள்' என்று எழுதினான். முகேஷ்குமார் மாமாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, என் காதில் வைத்தான்.

"ஏலே உடையப்பா," என்றார் சீனியர். "ஸ்டாம்புல உம் பேரைப் போட்டவனே நான். எவன் பேசுனான் எவ பேசுனான்னு வெளிய சொன்னா ஆபீஸ் என்னத்துக்குடா ஆகும்?"

"இங்க ஒரு புள்ள நிக்குதுங்கய்யா."

"எந்தப் புள்ள?"

"நைட் ஷிப்டு முடிச்சிட்டு, தூங்காம வந்து நிக்குது."

"நாளையில இருந்து ஆபீஸுக்கு வர வேணாம்."

"சரிங்கய்யா."

அவருக்கே அது எதிர்பாராத பதில். வாய்தா கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

முகேஷ்குமார் போனைப் பையில் போட்டுவிட்டு 'ஒரு வழக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டான். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன். "பொய்ச் சத்தியம் பண்ணி மாட்டுனா மாமா ஜாமீன் எடுப்பாரான்னு யோசிச்சேண்ணே," என்றான். "எடுக்க மாட்டாரு. அதுக்கும் ஒங்களைத்தான் அனுப்புவாரு."

மூன்று தாளையும் படித்த நீதிபதி அம்மா ஷரீஃபாவைக் கூட்டிவரச் சொன்னார். கீழே ஏதோ விசாரணையில் இருந்தவள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"மேடம், நான் ஆறுதான் எழுதினேன். கூட ஒண்ணும் எழுதல."

"அதுதான் தப்பு," என்றார் அவர். "உங்க ஆபீஸ்காரங்க மூணு பேரும் எழுதிக் குடுத்ததைக் கழிச்சுப் பார்த்தா, இந்தப் பட்டியல்ல இருபத்தாறு வழக்கு உங்களோடது. உங்க ஆறையும் சேர்த்தா முப்பத்திரண்டு. தென்னை மட்டை எப்படித் தோணுச்சு?"

"தோப்புல நின்னேன் மேடம். பக்கத்துலயே ஒண்ணு விழுந்துச்சு."

நீதிபதி அம்மா முதல்முறையாகச் சிரித்தார். சொந்தத் தொழிலை விட வேண்டும், சம்மதமா என்று கேட்டார். ஷரீஃபா தயங்கினாள். "சீனியர் ஆபீஸ்ல கேக்கணுமே."

"அங்க கேக்க நானே இல்லம்மா இப்ப, வர வேணாம்னுட்டாரு," என்றேன் வாசலில் நின்றபடி. குழுவில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர்கூட விழித்துச் சிரித்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்மதம் மேடம்," என்றாள்.

நியமன ஆணை வர ஒரு வாரம் ஆகும். ஆனால் வியாழக்கிழமை வழக்குக்கு மட்டும் அன்றைக்கே பொறுப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஷரீஃபா வெளியே வந்ததும் கிளார்க்கிடம் அழகம்மாளின் கட்டை வாங்கினாள். ஏழு மாதம் பிரியாத முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

பாண்டிச்செல்வி என்னிடம் வந்தாள். "சார், அப்ப நீங்க இல்லையா?"

"இல்லம்மா. ஒங்கம்மா நல்ல நேரம்."

"அண்ணே, சும்மாதான இருக்கீங்க?" என்றாள் ஷரீஃபா. "செயிலுக்கு வாங்க. அந்தம்மா சொல்றத எழுதிக்க ஒரு ஆள் வேணும்."

உச்சிவெயிலில் டவுன் பஸ் ஏறிப் போனோம். பாண்டிச்செல்வி ஜன்னலில் தலை சாய்த்தவள், இறங்கும் இடம் வரை தூங்கினாள். உறவினர்கள் மனுப் போட்டுக் கைதியைப் பார்க்கும் நாள் இல்லை என்று அவளை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

அழகம்மாள் வந்தாள். குட்டையான, வெயிலில் காய்ந்த உடம்பு. இரண்டு கறுப்புக் கோட்டைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"எம் மகளுக்கு எதுவும் ஆயிப்போச்சா?"

"வெளிய நல்லாத்தான் நிக்கிறாம்மா," என்றாள் ஷரீஃபா. "நான்தான் ஒங்க வக்கீல். வியாழக்கெழம நான் பேசணும். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க."

அழகம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"போலீசுல, அடிச்சியா இல்லையான்னுதேன் கேட்டாக." தயங்கினாள். "அடிச்சதுல இருந்து சொல்லவா தாயி, இல்ல முன்னாடி இருந்தா?"

"முன்னாடி இருந்தே சொல்லுங்க."

"ரொம்ப முன்னாடி போவுமே. எம் பூச்செடிக்குத் தண்ணி விடாம எங் கொழுந்தன் மோட்டார் வயர அறுத்தது சித்திரையில."

"சித்திரையிலயே ஆரம்பிங்கம்மா."

அழகம்மாள் சுவரை விட்டு வந்தாள். முக்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.