கணவாயில் படுத்த கன்று

ஒச்சிரின் கன்று படுத்ததில் கணவாய் அடைபட்டுப்போனது. அன்றிலிருந்து மேல் பள்ளத்தாக்குக்கும் கீழ்ப் பள்ளத்தாக்குக்கும் நேர்வழி கிடையாது.

ஹாங்காய் மலைக்காரர்கள் பசுவுக்கு யாக் என்னும் சடைமாட்டின் காளையைத்தான் சேர்ப்பார்கள். ஒச்சிருக்கு ஆசை பொல்லாதது. பெரிய கன்று வேண்டுமென்று, பெண் யாக்கிடம் ஊரிலேயே பெரிய நாட்டுக்காளையை விட்டான். இரண்டு குளிர்காலம் சுமந்த தாய், ஈன்றதும் கிழிந்து செத்தது. கன்றாவது மூச்சுவிடுகிறதே என்ற பூரிப்பில், ஈரம் காயுமுன்பே அதன் கழுத்தில் நீலப்பட்டு நாடா கட்டி மலைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டான். வளர்ந்த மாட்டைப் பார்த்துத்தான் நேர்ந்துவிடுவது வழக்கம். இவனுக்குப் பொறுமையில்லை. நேர்ந்துவிட்டதை வெட்டக்கூடாது, விற்கக்கூடாது. கோடைக்குள் அது கூடாரத்தைத் தாண்டி வளர்ந்தது. கழுத்தோடு நாடாவும் வளர்ந்தது. குளிர்காலத்துக்கென்று விட்டுவைத்த புல்லையெல்லாம் அது தின்று தீர்த்தது.

"அப்பன் ரத்தம் வளரு வளருங்கும், ஆத்தா ரத்தம் போதுங்கும். இதுக்குப் போதும்னு சொல்ல ஆளில்லாமப் போச்சு," என்றாள் மனைவி துல்மா. "யோவ், வெட்டித் தொலைய்யா. மந்தையே செத்துரும்."

"நேர்ந்துவிட்டதுடி. மலை சும்மா விடுமா?"

"மலையே தேவலாம். இது அதவிடப் பெருசாவுது."

பனி இறுகி மற்ற மேய்ச்சலையும் மூடியது. பாதி மந்தை நின்றபடியே செத்தது. மிஞ்சிய பசுக்களோடு துல்மா கீழே போனாள். யாக்குகளோடும் கன்றோடும் ஒச்சிர் மேலே தங்கினான். வசந்தத்தில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. அதற்குள் கன்று கணவாயில் படுத்துவிட்டது. சாகவில்லை, எப்போதாவது மூச்சுவிட்டது. முதுகில் புல் முளைத்தது. நேர்ந்துவிட்டதன்மேல் கால் வைக்க யாருக்கும் துணிவில்லை. முதலில் இருவரும் அதன் இரு பக்கமும் நின்று கத்திப் பேசினார்கள். பிறகு தொண்டை வலித்தது. மேலே யாக்குகள் சடை அடர்ந்து குறுகின. கீழே பசுக்கள் உடம்பு அகன்று பெருத்தன.

பல வருடம் கழித்து ஒச்சிர் மலையைச் சுற்றிக்கொண்டு, துல்மாவின் பசுக்களுக்குச் சேர்க்க யாக் காளைகளை ஓட்டி வந்தான். அவை பசுக்களைக் கல்லை முகர்வதுபோல முகர்ந்துவிட்டு மேயப் போயின. துல்மா உப்புத்தேநீர் கொடுத்தாள்.

"மந்தை குளிரை நல்லபடியாத் தாண்டுச்சுங்களா?" என்று வழிப்போக்கனைப்போல் கேட்டான்.

"தாண்டுச்சுங்க."

குடித்துவிட்டு எழுந்து போனான். அழுகை வரும் என்று துல்மா சற்றுக் காத்திருந்தாள். வரவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பால் கறக்கப் போனாள்.