எல்லையில் நிற்கும் லாரி

சொந்த லாரியைத் தானே ஓட்டும் ஸ்டானிமிரிடம் யார் போனில் எங்கே என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "எல்லையில, வரிசைல நிக்கிறேன்." அந்தப் பொய்க்காக அவன் வெட்கப்பட்டதில்லை. பல்கேரியாவின் கியூஸ்தெந்தில் வட்டாரத்து லாரிக்காரன் எவனும் வேறு பதில் சொன்னதில்லை.

இந்த செர்ரி சீசனில் அவனுக்கு ஞானம் பிறந்தது. லாரியில் ஜிபிஎஸ் மாட்டி, பழம் ஏற்றி அனுப்பும் வெனெட்டாவின் போனிலேயே வண்டி நகர்வது தெரியும்படி செய்துகொடுத்தான்.

"இனிமே என்னை நம்பவே வேணாம்க்கா, கண்ணாலயே பாத்துக்கோங்க!" என்று மார்தட்டினான்.

மறுவாரமே ஒரு நாள் காலையில் வெனெட்டா அழைத்தாள். "பழமெல்லாம் பெட்டில ரெடி. பறந்து வா! எங்க இருக்க?"

குடல் சூப்பில் பூண்டுக் காடியை ஊற்றிக்கொண்டிருந்த ஸ்டானிமிரின் வாய், மூளையை ஒரு வார்த்தை கேட்காமல், "எல்லையில, வரிசைல நிக்கிறேன்க்கா" என்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன்னையே வேவு பார்க்க ஆள் வைத்துவிட்டு, அதை மறந்தும் போன மடையன் பல்கேரியாவில் தன்னைத் தவிர எவனும் இருக்க மாட்டான்.

"ஏம்பா, எல்லை எப்ப எங்க கிடங்குக்குப் பின்னால இருக்குற சூப் கடைக்கு வந்துச்சு?"

"பழக்கதோஷம்க்கா... மன்னிச்சிருங்க. இதோ, கிளம்பிட்டேன்."

"வேணாம், உக்காரு." வெனெட்டாவின் குரல் சட்டென்று இறங்கியது. "நிதானமா குடிச்சிட்டு வா. பழம் இன்னும் மரத்துலதான் இருக்கு."