நனைந்த கற்றைக்கு எந்த மார்க்?

எங்கள் விவசாயிகள் சங்கம் மூன்று கூட்டம் போட்டும் ஒரு கதிரடி எந்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. எந்திரத்துக்குப் பஞ்சமில்லை. காலால் மிதித்தால் பல் வைத்த உருளை சுழன்று கற்றையிலிருந்து நெல்லை உதிர்க்கும் எந்திரங்கள் இரண்டு, கம்பெனிக்காரர்கள் பார்வைக்கு அனுப்பியவை, சங்கத்தின் சரக்கறையான கிட்டங்கியில் சும்மா நின்றன. ஒன்று சீமையிலிருந்து வந்த சிங்க மார்க். மற்றது கோயம்புத்தூர்ப் பட்டறையில் செய்த சேவல் மார்க். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தலைவர் பூதலிங்கம் பிள்ளை சிங்கத்தின் கட்சி. வெள்ளைக்காரன் போய் ஆறு வருஷமாகியும் பிள்ளைவாள் மட்டும் அவனுக்கு இன்னும் விடை கொடுக்கவில்லை. செயலாளர் ஞானதாசன் வாத்தியார் சேவலின் கட்சி. உள்நாட்டில் செய்த குண்டூசி வளைந்தால் அது தாளின் குற்றம் என்று சொல்லக்கூடியவர். இரண்டு பேரும் அதுவரை எந்த எந்திரத்தின் மிதிகட்டையிலும் கால் வைத்ததில்லை. அபிப்பிராயம் சொல்ல அது தேவைப்படவுமில்லை.

இதற்கிடையில் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. உலகம்மைக்கு இரண்டு கோட்டை விதைப்பாடு வயல். குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கும் கணவர் மாதம் ஒருமுறை வந்து வயலைப் பாராட்டிவிட்டுப் போவார், மற்றதெல்லாம் அவள்தான். அறுத்துக் களத்தில் அடுக்கிய கற்றைகள் மூன்று நாளாக நனைந்தன. ஊர் முழுக்க அறுப்பு. அடிக்க ஆள் இல்லை. இன்னும் ஒரு நாள் போனால் நெல் அடுக்கிலேயே முளைத்துவிடும். அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த போகத்துக்கு, விதையும் வருஷத்துச் சோறும் அதில்தான் இருந்தன.

நாலாவது கூட்டத்துக்கு உலகம்மை நேராக வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ரெண்டுல ஒண்ணைத் தாரும். நாளைக்கே திருப்பிக் கொண்டாந்திருகேன்."

"தீர்மானம் ஆகாம சங்கத்துச் சாமானைத் தொடப்பிடாது. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார் பிள்ளைவாள்.

"அப்பம் தீர்மானிச்சுத் தொலையும்."

"இதுல தீர்மானிக்க என்னட்டி இருக்கு? சீமை இரும்பு ஓடுகதே தெரியாது."

"ஓடினாத்தானே தெரியதுக்கு?" என்றார் வாத்தியார். "நம்ம இரும்புக்குத்தான் நம்ம நெல்லைத் தெரியும்."

"தெரியதுக்கு அது என்ன ஓய், நெல்லுக்கு மச்சினனா?"

நாலாவது கூட்டமும் இப்படியே முடிந்திருக்கும். ஆனால் உலகம்மை கிட்டங்கி வாசலில் சாக்குகளைத் தைத்துத் திரை போல் தொங்கவிட்டாள். தன் களத்திலிருந்து இருபது நனைந்த கற்றைகளைச் சுமந்துவரச் செய்தாள். தன்னிடம் கூலிக்கு நிற்கும் தாணப்பனை உள்ளே அனுப்பினாள்.

"ரெண்டு பேரும் முற்றத்துல இரிங்க. பத்துக் கற்றை ஒண்ணுல, பத்துக் கற்றை மத்ததுல. எது முதல்லன்னு சொல்லமாட்டேன். சத்தத்தைக் கேளுங்க, வெளிய வாற வைக்கோலைப் பாருங்க. எது சீமைன்னு நீங்க சொல்லுங்க."

மறுத்தால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே பெரியவர்கள் சம்மதித்தார்கள்.

முதல் எந்திரம் சீராக உறுமியது. பத்துக் கற்றையும் தடையில்லாமல் போய், வைக்கோலாகத் திரைக்கு வெளியே விழுந்தது. பிள்ளைவாள் சங்கீதக் கச்சேரியில் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டேரா வாத்தியாரே? இதாக்கும் சீமை."

"கேட்டேன். சத்தத்துல ஒரு அகங்காரம் இருக்கு."

இரண்டாவது எந்திரம் மூன்றாம் கற்றையிலேயே முக்கி நின்றது. ஈர வைக்கோல் உருளையைச் சுற்றிக்கொண்டது. தாணப்பன் அரிவாளால் அறுத்தெடுத்து மறுபடியும் மிதித்தான். மறுபடியும் சுற்றிக்கொண்டது.

"கோயம்புத்தூருக்கு விக்கல் எடுக்கு, பாரும்!"

"விக்கல் இல்ல ஓய். நெல்லு நோகாம, நிதானமா அடிக்கு."

பிறகு உலகம்மை இரண்டு வைக்கோலையும் தனித்தனியாகக் கல்லில் அடித்துப் பார்த்தாள். வைக்கோலில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதுதான் எங்கள் ஊரில் அடித்தவனுக்குப் பரீட்சை. முதல் வைக்கோலில் உள்ளங்கை அளவு நெல் உதிர்ந்தது. இரண்டாவதில் ஒரு நாழிக்குக் குறையாது. அவள் சாக்கை இழுத்துப் போட்டாள். சீராக ஓடியது சேவல். முக்கியது சிங்கம்.

வாத்தியார்தான் முதலில் தெளிந்தார். "அகங்காரம்னு சொன்னேனே, அதைத் தன்மானம்னும் சொல்லலாம்."

பிள்ளைவாள் இருமினார். "சாக்கைக் கட்டி அடைச்சா சீமை மிசினுக்குக் காத்து வேண்டாமாட்டி?"

"சிங்கம் மோசம்னு நான் சொல்லல்ல அண்ணாச்சி. திரை கட்டுததுக்கு முன்ன, நீங்க வழக்காடிக்கிட்டு இருந்தப்பம், கிட்டங்கில கிடந்த காய்ஞ்ச கற்றையை ரெண்டுலயும் போட்டுப் பாத்தாச்சு. சிங்கந்தான் ஒசத்தி, பூவா உதுக்குது. ஆனா நம்ம கன்னிப்பூ அறுப்பு நனையாம எந்த வருசம் வீடு வந்திருக்கு? காய்ஞ்சதைக் கையால அடிச்சுக்கிடலாம். நனைஞ்சதுக்குத்தான் எந்திரம் வேணும்."

"அடுத்த கூட்டத்துல பேசலாம்," என்றார் பிள்ளைவாள்.

உலகம்மை தீர்மானப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். போய் வெளிவாசலின் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒப்புப் போடாம ஒருத்தரும் சோறு திங்கப் போவாண்டாம்."

அன்று பிள்ளைவாள் வீட்டில் அவியல். கொள்கையையும் அவியலையும் அவர் கால் மணி நேரம் சீர்தூக்கிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். 'சிங்க மார்க்கின் உயர்வுக்குக் குறைவில்லாமல்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வாத்தியார் சேர்க்க மறுத்தார். அதற்குள் உலகம்மையும் தாணப்பனும் சேவலைக் கம்பில் கட்டித் தூக்கி வரப்பில் பாதி தூரம் போய்விட்டார்கள்.

களத்தில் ஓலைப்பந்தலுக்கடியில் மாற்றி மாற்றி மிதித்தார்கள். முழங்கால் வீங்கியது, நிறுத்தவில்லை. அடியில் கிடந்த நாற்பது கற்றை முளைத்துப்போய் மாட்டுக்குப் போனது. விதைக்கும் சோற்றுக்கும் உள்ளது தப்பியது.

மறுநாள், கடைசி அடுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, குடை பிடித்துக்கொண்டு பிள்ளைவாள் வந்தார். அவருடைய கற்றையும் மழையில்தான் கிடந்தது.

"உலகம்மை, உன் சோலி முடிஞ்சா அந்தச் சாமானை நம்ம களத்துக்கு விடு."

"எந்தச் சாமான் அண்ணாச்சி?"

"அதான்... இது."

"பேரைச் சொல்லும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாத்தியார் இல்லை.

"சேவலு."

"எனக்குப் பின்னால நாலு பேரு நிக்கா. அஞ்சாவதா வாரும்."

"நான் தலைவருட்டி!"

"சரி, தலைவரே. அஞ்சாவதா வாரும்," என்று சொல்லிவிட்டு, மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமல், உலகம்மை அடுத்த கற்றைக்குக் கையை நீட்டினாள்.