அனுதாப ஓட்டு

என் மாமியார் இறந்துபோன செய்தியை நானும் அவரும் சேர்ந்துதான் வானொலியில் கேட்டோம்.

நான் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே நாற்காலியில் அமர்ந்து, நான் தைத்து முடித்த சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். "இந்தக் காலர் கோணலா இருக்கே" என்றார். "கழுத்து கோணலா இருக்கிற பிள்ளைக்குக் குடுத்துடலாம் அத்தை" என்றேன். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அப்போதுதான் அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அருவி என்று நாம் அன்போடு அழைத்த அந்த மாபெரும் பாடகி இன்று நம்மிடையே இல்லை" என்றார்.

அத்தை சட்டையை மடியில் வைத்தார். "யாரைச் சொல்றான்?"

"உங்களைத்தான்."

"என்னையா?" என்று தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சத்தத்தைக் கூட்டி வை" என்றார்.

அருவி என்பது ரசிகர்கள் வைத்த பெயர். ஒரு காலத்தில் அத்தை பாடாத மேடை இல்லை. உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எங்கும் தட்டாமல் மளமளவென்று கீழே இறங்குவார். அதற்குத்தான் அந்தப் பெயர். பிறகு புதுக் குரல்கள் வந்தன. இவரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சாவுச் செய்திக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வானொலி நிலையம் ஒரு போட்டி அறிவித்திருந்தது. எக்காலத்துக்கும் தலைசிறந்த குரல் எது? ரசிகர்களே ஓட்டுப் போடலாம். ஊரே இரண்டுபட்டது. பாதிக்கு மேல் 'சிங்கம்' என்ற பாடகரின் பக்கம். முடிவெட்டும் கடை, பஸ், ஆஸ்பத்திரி வரிசை, எங்கே போனாலும் யார் முதல், யார் இரண்டாவது என்றே பேச்சு. உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. அத்தையின் பெயர் கடைசியில் எங்கோ கிடந்தது.

அவருக்கும் ஒரு ரசிகர் மன்றம் உண்டு. செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், பேனாவை எடுத்தால் மட்டும் ஆபத்து. நேராகச் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்து அலங்காரம் பண்ணாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அத்தைக்கு ஓட்டுக் கேட்டு அவர் வானொலிக்கு எழுதி அனுப்பியது இதுதான்: "அருவி ஓய்ந்துவிட்டது. இனி அந்த ஓசையை எங்கே கேட்போம்? கண்ணீரோடு வாக்களிப்பீர்!" அத்தை இப்போதெல்லாம் பாடுவதில்லை என்று சொல்ல வந்திருக்கிறார். அதை வானொலியில் படித்தவர்களும் கேட்டவர்களும் ரசிகர்கள், அதே பாஷையில் ஊறியவர்கள். 'ஓய்ந்துவிட்டது' என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். கண்ணீரோடு வாக்களித்துத் தள்ளினார்கள். உயிரோடு இருந்தவரை கடைசியில் கிடந்தவர், செத்த அன்றே முதல் இடத்துக்கு வந்துவிட்டார்.

வானொலியில் ஆள் மாற்றி ஆள் அழுதார்கள். அத்தையின் பாட்டால்தான் தனக்குக் கல்யாணமே நடந்தது என்றார் ஒருவர். அந்தப் பாட்டு இல்லாமல் தன் பிள்ளைகள் தூங்கியதே இல்லை என்றார் இன்னொருவர். அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பேரும் எங்கேம்மா இருந்தாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

வானொலி நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவள் சின்னப் பெண், தேன் வழியப் பேசினாள்.

"எங்க அத்தை உயிரோட இருக்காங்க" என்றேன்.

"கண்டிப்பா மேடம். அவங்களுக்கு ஏது சாவு? நம்ம எல்லார் நெஞ்சுலயும் வாழ்ந்துட்டுதான் இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டேன். "நெஞ்சுல இல்லம்மா, நாற்காலியில" என்றேன். அதற்கும் உச்சுக் கொட்டினாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரோடு செயலாளரும் வந்தார். பெட்டி நிறையப் பழம், வாயெல்லாம் பல். "அம்மா, முதல் இடம்!" என்று அத்தையின் காலடியில் பெட்டியை வைத்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிற மனிதருக்கு எதிரே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கே மறுப்பு எழுதுங்க சார்" என்றேன்.

"எழுதலாம் தங்கச்சி. ஆனா இப்ப எழுதினா சிங்கம் கோஷ்டி சும்மா விடுமா? அனுதாப ஓட்டு, செல்லாதுன்னு கெளப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை பரிசளிப்பு விழா. அது முடியட்டும். அப்புறம் நானே பக்குவமா எழுதிடறேன்."

"என்னன்னு எழுதுவீங்க? அருவி திரும்பக் கொட்டுதுன்னா?"

"கோபப்படாதீங்க. அம்மா அது வரைக்கும் வெளிய தலை காட்டாம இருந்தா போதும்."

"கொஞ்ச நாள்தானே" என்றார் என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் நாள் முழுக்க எஞ்சின் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிற மெக்கானிக். அதனால் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் அவருக்கு ஆகாது. "அம்மா பேரு முதல்ல வருது. கேடயத்தை நான் போய் வாங்கிக்கறேன். எதுக்கு இவ்வளவு ரகளை?"

"உங்க அம்மா இருக்காங்களா இல்லையா? அதை மொதல்ல சொல்லுங்க."

அத்தை செயலாளரைப் பார்த்தார்.

"விழாவுல என்னைப் பாட விடுவீங்களா? ஒரே ஒரு பாட்டு."

"அம்மா... அது எப்படிம்மா..."

"முதல் இடமெல்லாம் யாருக்கு வேணா குடுங்க. இத்தனை பேர் கேக்கறாங்களே, அவங்க முன்னாடி ஒரு தடவை பாடிடறேன். எனக்கு அது போதும்."

செயலாளர் பழப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பார்க்கலாம் என்று எழுந்து போனார். பார்க்கப் போவதில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் ஓயவில்லை. என்னவென்று போய் நின்று கேட்டேன். அத்தை குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் பாடிக்கொண்டிருந்தார். செத்தவர் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதாம். மகனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமாம். சொந்த வீட்டில் ஒரு மனுஷி திருட்டுத்தனமாகப் பாட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே போய்க் குழாயைத் திருகி மூடினேன்.

"சத்தமா பாடுங்க. எவன் வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன்."

பாடினார். குரல் தடித்திருந்தது. உச்சிக்கு ஏறும்போது ஓர் இடத்தில் நின்று இளைப்பாறித்தான் ஏறியது. ஆனால் ஏறிவிட்டது. அவர் பாட்டை நான் ஒருநாளும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை, புகழ்ந்தால் என்னை இன்னும் ஆட்டிப் படைப்பார் என்ற பயம். அன்றைக்கும் புகழவில்லை. பாடி முடிக்கும்வரை இயந்திரத்தை ஓட்டாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் முன்னாலேயே செயலாளரோடு கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை திரும்பியதும், "கிளம்புங்க அத்தை" என்றேன். அத்தையின் மேடை உடை இப்போது தொளதொளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். உடனே, "தோள்தான் இறுக்கம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் அத்தையின் படம், ஆளுயரத்துக்கு, இளமையில் எடுத்தது. சுற்றிலும் பூக்கள். வாசலில் நின்றவர்கள் அத்தையின் கையில் அதே படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். கொடுத்தவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தோம்.

"இசைக்கே தன்னை ஈந்த அருவிக்காக நாம் அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார் அறிவிப்பாளர். எல்லாரும் எழுந்தார்கள். அத்தையும் எழுந்தார்.

"நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எல்லாரும் நிக்கறாங்களேம்மா."

அரங்கத்தில் அசைவே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து, தன்னைப் பிடித்த அவ்வளவு பேர், வாயை மூடிக்கொண்டு, அவருக்கு முன்னால் நிற்கிறார்கள். பாடுகிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தை மெதுவாக முதல் அடியை எடுத்தார். எங்களுக்கு முன் வரிசையில் கைக்குட்டையும் கையுமாக நின்ற பெண் வெடுக்கென்று திரும்பினாள்.

"ஏம்மா, அஞ்சலி நடக்குது. கொஞ்சம் மரியாதை குடுங்க." பிறகு இரக்கப்பட்டவள் போல, "அவங்க பாட்டைப் பாடணும்னு எல்லாருக்கும் ஆசைதான். அவங்க மாதிரி வருமா?" என்றாள்.

அத்தை வாயை மூடிக்கொண்டார். என்னால் மூட முடியவில்லை.

"உட்காருங்க எல்லாரும்!" என்று கத்தினேன். "யாருக்காக அழுறீங்களோ அவங்க இங்க நிக்கறாங்க. கண்ணைத் தொறந்து பாருங்க!"

மொத்த அரங்கமும் திரும்பியது. மேடையில் என் வீட்டுக்காரர் கேடயத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, சொல்லுங்க! இது யாரு?"

அவர் செயலாளரைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்துவிட்டார்.

"எங்க அம்மா" என்றார். மைக் அதை எல்லாருக்கும் சொன்னது.

இனி கைதட்டுவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அனுதாப ஓட்டு! செல்லாது!" சிங்கத்தின் ஆட்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். "போட்ட ஓட்டு போட்டதுதான்!" என்று எங்கள் மன்றத்து ஆட்களும் ஏறினார்கள். முன்வரிசைப் பெண் அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். "உயிரோட இருந்துக்கிட்டா எங்களை இப்படி அழ வச்சீங்க?" என்று கைக்குட்டையை உதறிப் பைக்குள் திணித்தாள்.

அத்தை அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தார். நான் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டே பின்னால் போனேன். மேடையில் செயலாளரும் சிங்கத்தின் ஆள் ஒருவரும் மைக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப எண்ண வேண்டும் என்றார் ஒருவர். எண்ணினாலும் அருவிதான் என்றார் மற்றவர். அருவி அவருக்குக் கீழே, படியில் நின்றுகொண்டிருந்தது.

"தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் குடுங்க. ஒரு பாட்டு பாடிட்டுப் போயிடறேன்" என்று அத்தை அறிவிப்பாளரிடம் கேட்டார்.

"இருங்கம்மா. இந்தப் பிரச்சினை மொதல்ல முடியட்டும்" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அவங்க சாகறதுக்குள்ள முடியுமா?" என்று நான் கேட்டேன். தொண்டை கிழியக் கேட்டேன். அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. என் வீட்டுக்காரர் கேடயத்தைத் தரையில் போட்டுவிட்டு மைக்குக்காகக் கூட்டத்துக்குள் கையை நீட்டினார். அவரையும் பிடித்துத் தள்ளினார்கள்.

அத்தை ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். உடையின் தோளை இழுத்துச் சரிசெய்தார். அரங்கத்தைப் பார்த்து நின்று பாட ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. உதடுகள் அசைந்தன. உச்சிக்கு ஏறும் இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சரணத்தையும் விடவில்லை. அவர் வாயைப் பார்த்துத்தான் பாட்டு முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.