ஐம்பத்தெட்டுக் கையெழுத்துகள்

கணவனின் பெயருக்கு நடுவே இரண்டு புள்ளிகள் வைத்து ஒரு கடிதம் வந்தது. 'சோதிலிங்கம்: சதாசிவம் குடும்பத்தவர்' என்று உறையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள். உள்ளே கடிதத்தின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரு பெருவிரல் அடையாளம்.

யோகராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாவகச்சேரி நீதிமன்றத்தில் பதினொரு வருடம் தட்டச்சாளராக இருந்தவள் அவள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறாள். வடிவாகக் கையெழுத்தும் வைத்துவிட்டு, பக்கத்தில் கைநாட்டும் வைத்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஆர் இது? கையெழுத்து வைக்கத் தெரியாத ஆளோ?"

"கிரஹாம். தான் உயிருள்ள மனிசன் எண்டதுக்கு அடையாளம் அது" என்றார் சோதிலிங்கம்.

"அப்ப மற்ற ஆக்கள் செத்தவையோ?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. முன்பென்றால் சிரித்திருப்பார்.

கிரஹாம் மே மாதத்தில்தான் அறிமுகமானான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இங்கே தகுதிக்கேற்ற வேலை கிடைக்காதவர்களுக்காக ஒக்லாந்து நகரின் மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஊரில் இருபது வருடம் பாலங்கள் கட்டிய பொறியியலாளர் சோதிலிங்கம், இங்கே பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். கூட்டத்தில் கிரஹாம் எழுந்து, பாராளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுக்கலாம், தான் உதவுகிறேன் என்றான். மனுவை யோகராணிதான் தட்டச்சு செய்தாள். ஒரே பக்கம். 'எங்கள் படிப்பை அங்கீகரியுங்கள்', அவ்வளவுதான் விஷயம். சோதிலிங்கம் வீடு வீடாகப் போய் ஐம்பத்தெட்டுத் தமிழரிடம் கையெழுத்து வாங்கினார். அவளும் வைத்தாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கிரஹாம் வீட்டுக்கு வரத் தொடங்கினான். தன் வீட்டு மரத்து எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். அவளிடம் மிகவும் மரியாதையாகப் பேசுவான். ஆனால் பேச்சுப் போகிற திசைதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்த உங்கள் பெயர் நீங்கள் இல்லை, அது அரசாங்கம் உண்டாக்கிய ஒரு போலி ஆள் என்பான். நீங்கள் சம்மதிக்காவிட்டால் எந்த நீதிமன்றத்துக்கும் உங்கள் மேல் அதிகாரமில்லை என்பான். இந்த வருடம் தேர்தல் புது முறையில் நடக்கிறது, ஐந்நூறு உறுப்பினர் இருந்தால் கட்சியைப் பதிவுசெய்துவிடலாம், பிறகு நாமே பாராளுமன்றத்துக்குள் போய் உட்கார்ந்துவிடலாம் என்பான்.

"சட்டம் செல்லாதெண்டு சொல்லுறவருக்கு, சட்டம் செய்யிற இடத்தில என்ன வேலை?" என்று ஒரு சனிக்கிழமை அவன் போன பிறகு கேட்டாள்.

"உமக்கு விளங்காது."

"நான் பதினொரு வருசம் கோட்டில இருந்தனான்."

"அது அந்தக் கோட்டு" என்றார். பிறகு, மறைத்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டுகிறவர் போல, "கட்சிப் பட்டியலில என்னை மூண்டாவதாப் போடினமாம். எஞ்சினியர் எண்டு போட்டு" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னபோது அவர் முகம் இருந்த விதத்தைப் பார்த்து யோகராணி வாயை மூடிக்கொண்டாள். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடத்தில் அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. ஆனால் அவள் சந்தேகம் அடங்கவில்லை. ஒரு மனிதனுக்கு என்ன பசி என்று பார்த்து அதையே தட்டில் வைத்துக் கொடுக்கிறவனை எப்படி நம்புவது? மகள் வித்தியாவுக்குப் பதினான்கு வயது. அவள்கூட, "ஹீ இஸ் டூ நைஸ், அம்மா, அளவுக்கு மிஞ்சி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிரஹாம் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தமிழ்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் சரியா என்று சோதிலிங்கம் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். அடுத்த நாள் அவர் வேலைக்குப் போயிருந்தார். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் யோகராணிக்கு அன்று ஓய்வு. கோப்பைத் திறந்தாள்.

முதல் பக்கம் கட்சியின் உறுப்பினர் படிவம். 'உயிருள்ள மனிதராகிய நான் இக்கட்சியில் சேர்கிறேன். இந்த அரசின் சட்டங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நான் அளித்த சம்மதத்தை இத்தால் மீளப் பெறுகிறேன்.' தேதி ஆகஸ்ட் இரண்டு. அடுத்த பக்கங்களில் கையெழுத்துகள். பதினான்காவது கையெழுத்து அவளுடையது.

குடும்பம் குடியுரிமைக்கு விண்ணப்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்படுவேன் என்று சத்தியம் செய்ய வேண்டிய நேரத்தில், கட்டுப்பட மாட்டேன் என்று அவள் கையெழுத்து சொல்லிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்றாவது கையெழுத்து ஜெயரட்ணத்துடையது. கிளென் ஈடனில் இருந்த ஜெயரட்ணம் ஜூனிலேயே மெல்பனுக்குக் குடிபோய்விட்டார். ஆகஸ்டில் அவர் எப்படி வந்து கையெழுத்து வைத்தார்?

தாள்களை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் பக்கத்து மூலையில் ஸ்டேப்ளர் கம்பி குத்திய ஒரு சோடித் துளைதான். கையெழுத்துப் பக்கங்களில் இரண்டு சோடி. ஒன்று இப்போது குத்தியிருக்கும் கம்பிக்கு. மற்றது, முன்பு வேறு எதனோடோ சேர்த்துக் குத்தியிருந்த கம்பிக்கு. காணி வழக்குகளில் கள்ள உறுதி, அதாவது போலிப் பத்திரம், பிடிபடும் விதம் இது. ஊரில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

சோதிலிங்கம் மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தாள்களை நீட்டினாள்.

"நீர் ஏன் இதைத் திறந்தனீர்?"

"என்ர கையெழுத்து இதில இருக்கு. நான் வைக்கேல்லை."

"எல்லாம் ஒரே விசயந்தானே. எங்கட உரிமைக்குத்தானே கேக்கிறம்."

"இஞ்சருங்கோ, இந்த ஓட்டையளைப் பாருங்கோ. எங்கட மனுவைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, தங்கட தாளை மேல வைச்சுக் குத்தியிருக்கினம். அந்த மனு பாராளுமன்றத்துக்குப் போகவே இல்லை."

"ஐஞ்சு வருசமா ஒருத்தனும் என்னை மதிக்கேல்லை. மதிச்ச ஒருத்தனையும் நீர் கள்ளனாக்கப் பாக்கிறீர்!"

அவர் குரல் உயர்ந்தது. வித்தியாவின் அறைக்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. யோகராணி தாள்களை அவர் கையிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது, அவர் விளக்கடியில் நின்று ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருவரும் பக்குரங்காவில் கிரஹாமின் வீட்டுக்குப் போனார்கள். அவன் தேநீர் கொடுத்தான். சோதிலிங்கம் கேட்டதற்கு அவன் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"ஒரு தடவை கொடுத்த சம்மதம் சம்மதம்தான், நண்பரே. தாள் மாறலாம். மனிதரின் விருப்பம் மாறவில்லையே."

"ஆனால் நீதிமன்றத்துக்குக் கொடுத்த சம்மதத்தை மட்டும் திரும்ப வாங்கலாமா?" என்று யோகராணி ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தான். மரியாதை அந்தப் பார்வையில் இல்லை.

"இந்தத் தாள்களின் நகல் எங்களிடம் இருக்கிறது" என்றான்.

காரில் ஏறிய பிறகு சோதிலிங்கம் சாவியைத் திருப்பவில்லை. "கையெழுத்து வாங்கினது நான். அந்த ஆக்களிட்ட நான்தான் போய்ச் சொல்லோணும்" என்றார்.

யோகராணி தேர்தல் பதிவு அலுவலகத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதி, கோப்பிலிருந்த மூலத் தாள்களையும் சேர்த்து அனுப்பினாள். ஒவ்வொருவரும் தனித்தனியே விலகல் கடிதம் கொடுத்தால் நல்லது என்று பதில் வந்தது. வேலை முடிந்து வந்ததும் சோதிலிங்கம் குளித்துவிட்டு, மறுபடி வீடு வீடாகப் போனார். சிலர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். சிலர் கதவைப் பாதிதான் திறந்தார்கள். மெல்பனிலிருந்து ஜெயரட்ணம் தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஐம்பத்தைந்து கடிதங்கள் சேர்ந்தன. மூன்று பேர், பரவாயில்லை இருக்கட்டும், அவன் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்றார்கள். அது யோகராணியை மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயமுறுத்தியது.

அக்டோபரில் தேர்தல் நடந்தபோது வாக்குச்சீட்டில் அந்தக் கட்சியின் பெயர் இல்லை. கிரஹாம் ஒரு தொகுதியில் தனியாக நின்று இருநூற்றுச் சொச்சம் வாக்கு வாங்கியிருந்தான். பத்திரிகையில் அந்த வரியைப் பார்த்துவிட்டு யோகராணி கணவனிடம் கேட்டாள். இரண்டு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"உண்மையைச் சொல்லுங்கோ. அவன் தாளை மாத்தினது உங்களுக்கு முதலே தெரியுமோ?"



"மனு என்னாச்செண்டு ஜூலையில ஒருக்காக் கேட்டனான். அவன் வேற கதைக்குப் போயிட்டான்" என்றார். "எனக்குச் சந்தேகம் வந்தது, ராணி. பிறகு நான் கேக்கேல்லை."

அவள் பத்திரிகையை மடித்தாள். கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.